கச்சேரி ஒலிப்பதிவுக்கு எந்த டிரைவ்? பெட்டியில் அச்சிடாத விவரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி நெருங்கினால் சபாக்களிலும் கோயில் மண்டபங்களிலும் லேப்டாப் வைத்துக் கச்சேரியைப் பல டிராக்கில் (ஒவ்வொரு மைக்கின் ஒலியும் தனித்தனியாக) பதிவு செய்கிறவர்கள் கடைக்குப் போய்க் கேட்கும் முதல் கேள்வி, "இருக்கிறதிலேயே வேகமான எக்ஸ்டர்னல் டிரைவ் எது?" என்பதுதான். கடைக்காரர் பெட்டியைத் திருப்பி, கொட்டை எழுத்தில் நொடிக்கு 1050 எம்பி, 2000 எம்பி என்று வேகம் போட்டிருப்பதைக் காட்டுகிறார். எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. ஒலிப்பதிவுக்கு அந்த எண்ணால் பெரிய பயன் எதுவும் இல்லை. பதிவைக் கெடுக்கிற காரணங்கள் வேறு. அவற்றில் பாதி, பெட்டியில் அச்சாவதே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மைக்குக்கு நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 1,44,000 பைட். பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனியாக இரண்டு, கடத்துக்கு ஒன்று, தம்பூராவுக்கு ஒன்று, அரங்க ஒலிக்கு இரண்டு என்று வைத்தாலே எட்டு ஆகிவிடும். துணைப்பாட்டு, மோர்சிங், மேடை மிக்ஸரிலிருந்து வரும் இரண்டு லைன் எல்லாம் சேர்ந்து 12 டிராக் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1.73 எம்பி. மூன்று மணி நேரக் கச்சேரி முழுவதும் 18.7 ஜிபி. 96 கிலோஹெர்ட்ஸுக்குப் போனாலும் நொடிக்கு 3.5 எம்பிதான். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகிய சாதாரண ஹார்டு டிஸ்க்கே நொடிக்கு 30 எம்பிக்கு மேல் எழுதிவிடும்.

அப்படியிருந்தும் பதிவு பாதியில் நின்றுபோவது ஏன்? டிரைவ் மெதுவாக எழுதுவதால் நிற்பதில்லை. நடுவில் சில நொடிகள் எழுதாமலே இருந்துவிடுவதால் நிற்கிறது. ரெக்கார்டிங் மென்பொருள் ஒலியை மெமரியில் சேர்த்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக டிரைவுக்கு அனுப்புகிறது. டிரைவ் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் அந்த இடம் நிரம்புகிறது. நிரம்பியதும் பதிவு அறுபடுகிறது. ப்ரோ டூல்ஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் வரும் 9073 என்ற பிழை எண் இதைத்தான் சொல்கிறது. ஏபிள்டன் லைவில் இதற்கென்றே டிஸ்க் எச்சரிக்கை விளக்கு உண்டு. ரீப்பரில் பெர்ஃபார்மன்ஸ் மீட்டரைத் திறந்து வைத்தால் டிஸ்க்கில் எழுதும் அளவு கண்ணுக்கு எதிரே ஓடும். ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். பதிவில் பட்பட்டென்று வெடிப்பொலி வந்தால் அது பெரும்பாலும் டிரைவின் குற்றம் ஆகாது. மைக்குகளை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் பஃபர் (ஒலியைச் சிறிது நேரம் தாங்கி வைக்கும் இடம்) அளவு குறைவாக இருப்பது, வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருள் இடையில் புகுவது போன்றவைதான் அங்கே காரணம். அதற்காகப் புது டிரைவ் வாங்கினால் பணம்தான் போகும், வெடிப்பொலி போகாது.

டிரைவ் எழுதாமல் நிற்பதற்கான காரணங்களில், வாங்குகிறவரிடம் யாரும் சொல்லாத ஒன்று எஸ்எம்ஆர். இந்த வகை ஹார்டு டிஸ்க்கில் கூரைக்கு ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் விளிம்பு அடுத்த தடத்தின் மேல் படியும்படி எழுதுவார்கள். அதே தகட்டில் அதிகம் கொள்ளும், விலையும் குறையும். ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் படிந்த ஓடுகளையும் எடுத்துத் திரும்ப வேய வேண்டும் அல்லவா? டிஸ்க்கும் அதைத்தான் செய்கிறது. வருகிற தகவலை முதலில் ஒரு தனிப் பகுதியில் வாங்கி வைத்துக்கொண்டு, நேரம் கிடைக்கும்போது உரிய இடத்துக்கு மாற்றுகிறது. அந்தப் பகுதி நிரம்பினால், மாற்றி முடிக்கும்வரை புதிதாக வாங்குவது தடைப்படும். புது டிஸ்க்கில் இது தெரியவே தெரியாது. கடையில் வைத்து வேகம் பார்த்தால் நொடிக்கு 120 எம்பி என்று நன்றாகத்தான் காட்டும். ஒரு சீசன் முழுக்க எழுதி, அழித்து, மறுபடி எழுதிய பிறகு, 12 டிராக் ஒரே நேரத்தில் வரும்போதுதான் திணறும். இரண்டு மைக் பதிவுக்கு இதுவும் தாங்கும் என்பது உண்மை. இன்று விற்கும் 2.5 அங்குல போர்ட்டபிள் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். 2020 ஏப்ரலில் இது வெளியே வந்து பெரிய சர்ச்சையான பிறகே வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், தோஷிபா மூன்று நிறுவனங்களும் எந்தெந்த மாடலில் எஸ்எம்ஆர் இருக்கிறது என்று வெளியிட்டன. அதை இணையத்தில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறதே தவிர, கையில் வாங்கும் பெட்டியில் பார்க்க முடிவதில்லை.

எஸ்எம்ஆர் இல்லாவிட்டாலும் சுழலும் டிஸ்க்குக்கு ஓர் எல்லை உண்டு. 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று) டிஸ்க்கில் தகடு அரைச் சுற்று சுற்ற 5.6 மில்லி நொடி. படித்து எழுதும் தலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஏறக்குறைய 12 மில்லி நொடி. இரண்டையும் கூட்டினால் நொடிக்கு 55, 60 தாவல்தான். பதிவு செய்யும்போது 12 கோப்புகள் சேர்ந்து வளர்வதை இது சமாளிக்கும். மிக்ஸிங்குக்கு உட்கார்ந்து, 30 டிராக்கில் ஆங்காங்கே வெட்டி ஒட்டிய துண்டுகளை ஒன்றாக ஓட்டும்போது தலை அங்குமிங்கும் ஓடி ஓய்ந்துபோகும். வாத்திய ஒலிகளைச் சேர்த்து வைத்த சாம்பிள் லைப்ரரியிலிருந்து வாத்தியம் வாசிக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஸ்வரங்கள் விட்டுவிட்டுக் கேட்கும். 7200 ஆர்பிஎம் டிஸ்க் வாங்கு என்று பழைய கையேடுகளில் இருக்கும். அதில் அரைச் சுற்று 4.2 மில்லி நொடி, அவ்வளவுதான் வித்தியாசம். அதிர்வும் கூடவே வரும். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில், மிருதங்கம் அதிரும் மரமேடையில் வைத்த ஹார்டு டிஸ்க் தடம் தவறித் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். சிறிய அறையில் என்றால் அதன் ரீங்காரம் கண்டென்சர் மைக்கில் ஏறிவிடும்.

ஆகவே பதிவுக்கு, சுழலும் தகடே இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டிதான். எது? எங்கள் சிபாரிசு விளம்பரத்தில் வருவது இல்லை. 2.5 அங்குல சாட்டா இணைப்புள்ள எஸ்எஸ்டி ஒன்றையும், அதைப் போட்டுக்கொள்ள யுஏஎஸ்பி (யுஎஸ்பி வழியே டிரைவை வேகமாக ஓட்டும் முறை) வசதியுள்ள யுஎஸ்பி பெட்டி ஒன்றையும் தனித்தனியாக வாங்குங்கள். நொடிக்கு 400 எம்பிக்கு மேல் வரும். 12 டிராக்குக்கு வேண்டியதைப்போல 200 மடங்கு. இதில் பெரிய வசதி, பெட்டியின் போர்ட் உடைந்தால் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டு அன்றிரவே வேலையைத் தொடரலாம். போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் பலவற்றில் யுஎஸ்பி வாய் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அது ஆடிப்போனால் உள்ளே இருக்கும் பதிவுக்கு டேட்டா ரெக்கவரி கடைதான் கதி. என்விஎம்இ என்ற இன்னும் வேகமான வகை எஸ்எஸ்டி நொடிக்கு 1000 எம்பி தரும், சூடும் ஆகும். சூடு எல்லை மீறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சென்னை மதியத்தில், மின்விசிறி எட்டாத பந்தலில் அதை லேப்டாப்புக்கு அடியில் செருகி வைக்கக் கூடாது. உலோகப் பெட்டியாக இருந்து, காற்று படும்படி தனியே வைத்தால் போதும்.

மலிவு எஸ்எஸ்டிகளில் க்யூஎல்சி (ஒரே செல்லில் நான்கு பிட் அடைக்கும்) வகை உண்டு. முதல் சில பத்து ஜிபி வேகமாக எழுதிவிட்டு, பிறகு ஹார்டு டிஸ்க் வேகத்துக்கே இறங்கும். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை, 1.73 எம்பி வேகத்தில் வரும் ஒலிக்கு இறங்கிய வேகமே தாராளம். கவனிக்க வேண்டியது காலி இடத்தை. டிரைவ் நிரம்ப நிரம்ப அந்த வேகமான பகுதி சுருங்கிக்கொண்டே போகும். கால்வாசியை எப்போதும் காலியாக விட்டு வையுங்கள்.

இனி கேபிள். கடிதத்தில் வேறெதையும் படிக்காதவர்கள் இதை மட்டுமாவது படிக்க வேண்டுகிறோம். செல்போன் சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டும் உள்ளது. டிரைவுடன் வந்த கேபிள் தொலைந்து அதைச் செருகினால் எல்லாம் வேலை செய்யும், பதிவும் ஆகும். 18.7 ஜிபியை நகல் எடுக்கும்போதுதான் தெரியும்: ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டியது ஒன்பது நிமிடம் இழுக்கும். அடுத்த கச்சேரிக்கு மேடையைக் காலி செய்யச் சொல்லும்போது அந்த எட்டு நிமிடம் பெரிய விஷயம். லேப்டாப்பின் போர்ட்டுக்குள் குனிந்து பாருங்கள். உள்ளே நாக்குபோல நீட்டியிருக்கும் பிளாஸ்டிக் நீலமாக இருந்தாலோ, பக்கத்தில் எஸ்எஸ் என்ற குறி இருந்தாலோ வேகமான போர்ட். கறுப்பு என்றால் பெரும்பாலும் 2.0. பெயர்களை நம்ப வேண்டாம்: யுஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒன்றுதான், 5 ஜிகாபிட். பெட்டியில் வெறும் 3.2 என்று மட்டும் போட்டிருந்தால் அதில் எந்தத் தகவலும் இல்லை. 20 ஜிகாபிட் என்று விற்கும் டிரைவுக்கு ஏற்ற போர்ட் பெரும்பாலான லேப்டாப்களில் இல்லாததால் அது 10 ஜிகாபிட்டில்தான் ஓடும். கூடுதல் விலை வீண்.

போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்கில் வரும் அகலமான, இரண்டு பகுதியாகத் தெரியும் மைக்ரோ-பி வாய் சீக்கிரம் தளர்ந்துவிடும். டைப்-சி வாய் உள்ளதாகப் பாருங்கள். எதுவானாலும் மேடையில் கேபிளை நேராக இழுத்து விடாதீர்கள். டிரைவிலிருந்து நான்கு விரல் தள்ளி ஒரு சிறு வளையமாகச் சுற்றி, வளையத்தின் மேல் துணி டேப் போட்டு மேஜையோடு ஒட்டிவிடுங்கள். டிரைவையும் அதே மேஜையில் ஒட்டுங்கள். யாராவது காலால் இடறினால் இழுப்பு டேப்போடு நிற்கும், செருகிய இடத்துக்கு வராது.

மின்சாரமும் பார்க்க வேண்டும். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் தரும் என்பது கணக்கு. ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் அதற்கு மேலும் கேட்கக் கூடும். தனி அடாப்டர் இல்லாத ஹப் ஒன்றில் ஆடியோ இன்டர்ஃபேஸையும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்துச் செருகினால் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து டிஸ்க் மறைந்துபோவது இதனால்தான். இன்டர்ஃபேஸுக்கு ஒரு போர்ட், டிரைவுக்கு ஒரு போர்ட், இரண்டும் நேராக லேப்டாப்பில். இன்னொரு விஷயம்: யுஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அந்த அலைவரிசையில் இயங்கும் வயர்லெஸ் மைக்கின் ரிசீவரை டிரைவுக்குப் பக்கத்தில் வைத்தால் மைக் விட்டுவிட்டுக் கேட்கும். ரிசீவரை நீள கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள்.

ஃபார்மேட் விஷயத்தில் நடக்கும் தவறு கச்சேரி நடுவில்தான் தலைகாட்டும். எஃப்ஏடி32 என்ற பழைய ஃபார்மேட்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. 12 சேனலையும் ஒரே கோப்பாக எழுதும் மென்பொருளில் 41 நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். அப்போது மேடையில் ராகம் தானம் பல்லவி நடந்துகொண்டிருக்கலாம். சாதாரண வேவ் கோப்புக்கும் அதே 4 ஜிபி எல்லை இருப்பதால் டிரைவின் ஃபார்மேட்டை மட்டும் மாற்றினால் தீராது. டிராக்குக்கு ஒரு மோனோ (ஒற்றைச் சேனல்) கோப்பு என்று வைத்தால் எட்டு மணி நேரம் தாங்கும். இல்லையென்றால் அந்த எல்லை இல்லாத ஆர்எஃப்64 வடிவைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் என்றால் டிரைவை என்டிஎஃப்எஸ், மேக் என்றால் ஏபிஎஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்யுங்கள். இரண்டிலும் ஓடும் என்று எக்ஸ்ஃபேட் போடுகிறார்கள். அதில் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்பே குறித்து வைக்கும் பதிவேடு) கிடையாது; எழுதும்போது கேபிள் கழன்றால் ஒரு ஃபோல்டரே காணாமல் போகக் கூடும். கோப்புகளை இன்னொருவருக்குக் கொடுக்கும் பென் டிரைவுக்கு அது சரி, பதிவுக்கு வேண்டாம்.

விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க யுஎஸ்பி சாதனத்தைத் தூங்க வைக்கும் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். ஹார்டு டிஸ்க் அணையும் நேரத்தை நெவர் ஆக்குங்கள். பதிவு ஃபோல்டரை வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷனில் (விலக்குப் பட்டியலில்) சேருங்கள். மேக்கில் டிஸ்க்கைத் தூங்க விடும் அமைப்பை அணைத்து, ஸ்பாட்லைட் தேடாத இடமாக டிரைவைக் குறித்து, தானாக நகல் எடுக்கும் டைம் மெஷினைக் கச்சேரி முடியும்வரை நிறுத்தி வையுங்கள். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஒத்திசைக்கும் ஃபோல்டருக்குள் எக்காரணம் கொண்டும் பதிவு செய்யாதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி வரும்: லேப்டாப்பிலேயே எஸ்எஸ்டி இருக்கிறதே, அதில் பதிவு செய்தால் என்ன? தாராளமாகச் செய்யலாம். இயங்குதளம் இருக்கும் டிஸ்க்கில் பதியாதே என்ற விதி, ஒரே தலை இரண்டு வேலைக்கும் ஓடிய ஹார்டு டிஸ்க் காலத்தது. உள்ளே 60 ஜிபி காலியாக இருந்தால் பதிவை உள்ளேயே செய்து, முடிந்ததும் வெளி டிரைவுக்கு நகல் எடுப்பதே பத்திரம். கழன்று விழக் கேபிளே இல்லையே. லேப்டாப்பில் இடம் இல்லாதவர்களுக்கும், பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் உள்ளவர்களுக்கும்தான் வெளி எஸ்எஸ்டி அவசியம்.

மின்சாரம் போய் பதிவு அறுந்துவிட்டால் கோப்பை அழித்துவிடாதீர்கள். நீளம் 0 என்று காட்டினாலும், கோப்பின் அளவு பெரிதாக இருந்தால் உள்ளே ஒலி இருக்கிறது. கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் தலைப்புப் பகுதியில் நீளம் எழுதப்படுவதற்குள் நின்றுவிட்டது, அவ்வளவே. அதை நகல் எடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இம்போர்ட் ரா டேட்டா வழியாக 24 பிட் பிசிஎம், லிட்டில் எண்டியன், ஒரு சேனல், 48,000 என்று கொடுத்தால் பாட்டு கிடைக்கும். தொடக்கத்தில் ஒரு சிறு இரைச்சல் வரும். அது தலைப்புப் பகுதி, வெட்டிவிடலாம். மொத்தமும் இரைச்சலாகக் கேட்டால் தொடக்க இடத்தை ஒரு பைட், இரண்டு பைட் தள்ளிக் கொடுத்துப் பாருங்கள்.

சில நூறு ரூபாய்க்கு 16 டிபி எஸ்எஸ்டி என்று ஆன்லைனில் விற்பது அப்பட்டமான மோசடி. உள்ளே ஒரு சிறிய மெமரி கார்டு இருக்கும், அளவை மட்டும் பொய்யாகச் சொல்லும். நிரம்பிய பிறகு வரும் பதிவு எங்கேயும் சேராது, அல்லது பழையதை அழிக்கும். கோப்பின் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும். எந்த டிரைவ் வாங்கினாலும் முதல் நாளே விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கில் எஃப்3 என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பாருங்கள். 1 டிபி ஹார்டு டிஸ்க்குக்கு எழுதுவதற்கே மூன்று மணி நேரம் ஆகும். கடைசிவரை அருகிலிருந்து வேகத்தைக் கவனித்தால் எங்கே சரிகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பதிவை வருடக்கணக்கில் பீரோவில் வைப்பதற்கு மட்டும் எஸ்எஸ்டி வேண்டாம். எழுதி எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓர் ஆண்டு தகவலைக் காத்தால் போதும் என்பதுதான் வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பு வைத்த அளவு. நம் ஊர் வெப்பம் அதற்கும் மேலே. புதியதில் அதிக காலம் நிற்கும், ஆனாலும் நம்பி வைக்க முடியாது. இங்கேதான் மலிவு எஸ்எம்ஆர் ஹார்டு டிஸ்க் கை கொடுக்கும். ஒரு முறை எழுதி வைப்பதற்கு அது நன்றாகவே பொருந்தும். 1 டிபியில் மூன்று மணி நேரக் கச்சேரி 50 கொள்ளும். இரண்டு டிஸ்க்கில் ஒரே நகலை எழுதி, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். முதல் நகலைக் கச்சேரி முடிந்த இரவே, மைக் ஸ்டாண்டுகளை மடிக்கும் முன்பே எடுங்கள்.

தயாரிப்பாளர்களிடமும் கடைகளிடமும் நாங்கள் கேட்பது மூன்று வரிகள். ஹார்டு டிஸ்க் என்றால் எஸ்எம்ஆரா இல்லையா. எஸ்எஸ்டி என்றால் முக்கால்வாசி நிரம்பிய நிலையில் தொடர்ந்து எழுதும் வேகம் என்ன. உடன் வரும் கேபிள் எத்தனை ஜிகாபிட். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் டிரைவ்களை ஒப்பிட்டு எழுதும்போது உச்ச வேகத்தோடு இந்த மூன்றுக்கும் ஓர் இடம் ஒதுக்கினால், மார்கழிக்கு முன் வாங்கப் போகிறவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவாளர்கள் சிலர்,
சென்னை.